டி டிரைவில் அஜிலா

நவ. 4, செவ்வாய்

விடியும்போதே மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. நேற்றைய ரப்பர் ஷீட் புகைப்புரையில் ஈரமாகவே தொங்குகிறது.

மஸ்கட்டிலிருந்து ரெஜி கூப்பிட்டாள். லீவு கிடைத்துவிட்டதாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறாள், மூன்று வாரம். நர்ஸ்களுக்கு டிசம்பர் லீவு குதிரைக் கொம்பு. "வந்த அன்னிக்கே அஜிலாக்க வீடியோ எல்லாத்தையும் போடணும். மொதல்ல இருந்து பாப்பேன்" என்றாள். சரி என்றேன்.

எங்கள் பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆனபோது அங்கே வேலைக்குப் போனவள். இப்போது அஜிலா ஒன்றாம் வகுப்பு. நடுவில் ஒரே ஒரு தடவை வந்தாள், தன் அப்பா இறந்தபோது. அந்த நாட்களில் கம்ப்யூட்டர் ஞாபகம் யாருக்கு. பிள்ளை வளர்ந்ததெல்லாம் நான் போனில் பிடித்து, அவளுக்கு அனுப்பி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்ததுதான்.

போனை வைத்ததும் சந்தோஷத்தில் கம்ப்யூட்டரைப் போட்டேன். டி டிரைவ் திறக்கவில்லை. சுற்றிச் சுற்றி, கடைசியில் 'டேட்டா எரர்' என்றது. வேறு நகல் இல்லை. போனில் இடமில்லை என்று அவ்வப்போது அழித்தது நானேதான்.

நவ. 5, புதன்

மழை. நெட்டில் ஒருவன் 'செக் டிஸ்க்' ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். ஓட்டினேன். கறுப்புத் திரையில் எண்கள். சமையல், துணி, அஜிலாவுக்குச் சடை, எல்லாம் அதற்கு நடுவே. சாயங்காலம் 'பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று காட்டியது. ஃபோல்டரைத் திறந்தால் பாதி வீடியோ காணோம். பதிலுக்கு, பெயரில்லாத துண்டுகள் ஒரு கூடை. ஒன்றும் ஓடவில்லை.

இன்னொருவன் சொல்கிறான்: கெட்டுப்போன டிஸ்கில் அதை ஓட்டவே கூடாது, முதலில் நகல் எடுக்க வேண்டும். இதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அஜிலா வந்து நின்றாள். "அப்பா, நான் குட்டியா இருந்ததெல்லாம் போச்சா?"

"போவல மக்கா. தேடுதேன்."

ரெ. கூப்பிட்டாள். டிஸ்க் போனதைச் சொல்லவில்லை. மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

நவ. 6, வியாழன்

அஜிலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தக்கலை. டிஸ்கைக் கழற்றித் துண்டில் பொதிந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் மாட்டிப் பார்த்தார். டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை.

"இஞ்ச ஒண்ணும் செய்ய ஒக்காது. சென்னைக்கு அனுப்பணும். திரும்பி வர பொங்கல் கழிஞ்சிரும்."

அதற்குள் ரெஜி வந்துவிட்டுத் திரும்பியிருப்பாள். கொடுக்கவில்லை.

வீட்டில் டிஸ்கைத் திருப்பிப் பார்த்தேன். அடியிலிருந்த பச்சை சர்க்யூட் அட்டையின் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ஏன் என்று யோசித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்தேன். மூக்கில் சுரீரென்று ஏறியது. ஆசிட் கேன். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட். அஜிலா தவழ ஆரம்பித்ததும், பிள்ளை கைக்கு எட்டக் கூடாதென்று பின்னறையில் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒளித்து வைத்தேன். மூடி சரியாக இறுகாத கேன். இத்தனை வருடமும் அந்த ஆவியைக் கம்ப்யூட்டர் குடித்திருக்கிறது. என் புத்தியை என்ன சொல்ல.

நவ. 8, சனி

அருமனை மொபைல் கடையில் பொடி ஸ்க்ரூடிரைவர் இரவல். பச்சை அட்டையைக் கழற்றினேன். அஜிலாவின் பென்சில் பெட்டியிலிருந்து அழிரப்பர் எடுத்து, கறுப்பு போகும்வரை மெதுவாகத் தேய்த்தேன். திரும்ப மாட்டினேன். டிஸ்க் ஓடியது. முதலில் நகல் எடுத்தேன். பிறகுதான் மூச்சே விட்டேன்.

ஓடுபவை: பள்ளிக்கூடம் முதல் நாள். ஓணத்துக்கு ஊஞ்சல். தவளையோடு சண்டை. குளிக்க மாட்டேன் என்று கட்டிலடியில்.

ஓடாதவை: முதல் பல். முதல் நடை. முதலில் 'அம்மா' சொன்னது.

செக் டிஸ்க் தின்றதெல்லாம் பழையவை. ரெஜி போன அந்த முதல் வருடம் மொத்தமும்.

பிள்ளை கத்துகிறது, டிவி ஓடுகிறது, வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. எனக்கு ரெஜி வேண்டும். பக்கத்தில், சும்மா, ஒன்றும் பேசாவிட்டாலும் போதும்.

நவ. 9, ஞாயிறு

வெயில். சர்ச் போய் வந்தோம். மீன் கிடைக்கவில்லை, முட்டைக் குழம்பு.

மத்தியானம் டியூட்டி முடிந்து ரெ. கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு வழியும் தோன்றியிருந்தது. அனுப்பியபோதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் இதயப் படம் போட்டவள் ஆயிற்றே.

"உனக்க போன்ல பழசு கிடக்கும்லா. அத எனக்கு அனுப்பு."

ரெஜி பேச்சை மாற்றி, அஜிலா சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

"அழிச்சிட்டியா?"

"நான் ஒண்ணயும் தொறக்கல்ல."

"எதை?"

"அந்த மொதல் வருசம் நீங்க அனுப்பினது எதையும். மங்கலா ஒரு படம் தெரியும்லா, அதைத் தொட்டாத்தான் வீடியோ வரும். தொடல்ல. பாத்தா பொறவு வார்டுல நிக்க முடியாது. வீட்டுல இருக்குல்லா, வந்து பாப்போம்னு விட்டேன். இப்பத் தொட்டா இல்லன்னு காட்டுது."

அவளே கேட்டாள்.

"செரி. அவ மொதல்ல நடந்ததச் சொல்லுங்க. எப்பிடி நடந்தா?"

சொன்னேன். முன்னறை. அஜிலா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை விட்டாள். கொஞ்சம் ஆடினாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"உங்களப் பாத்தா வந்தா?"

"இல்ல. எனக்க கையில இருந்த போனப் பாத்து. நீ அதுக்குள்ள இருக்கன்னுதான் அப்ப அவ நெனச்சா. வந்து ரெண்டு கையாலயும் போனப் புடிச்சா. வீடியோ அதோட நின்னு போவும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் ரெஜி.