திர்சாவின் கல்யாணத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஆட்சேபம்

மேற்கு ஹாலோவே, மாசசூசெட்ஸ்
1788 டிசம்பர் 4

அன்புள்ள மகன் ஜோதாமுக்கு,

கர்த்தரின் கிருபையால் நானும் உன் தாயும், என் வலது முழங்காலில் உள்ள பிடிப்பு நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருப்பதாகக் கொள்கிறேன். எனினும் உன் கடைசிக் கடிதம் ஆகஸ்டில் எழுதப்பட்டதாகையால், ஆகஸ்டு வரை நீ சுகம் என்பதற்கே என்னிடம் சான்று இருக்கிறது, அதற்குப் பிற்பட்ட காலத்தை உன் தாய் தன் ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறாள். ஒஹையோ ஆற்றங்கரையில் உனக்கு ஒதுக்கிய நிலத்துக்குப் பத்திரம் எழுதும்போது எந்த மரத்தையும் எல்லையாகக் குறிப்பிடாதே. மரம் விழும், வழக்கு விழாது. கல்லைக் குறிப்பிடு. ஈரக் காலுறையோடு உறங்காதே. சிவப்புப் பசு கன்று ஈன்றிருக்கிறது, இரண்டும் நலம். இனி உன் தங்கை திர்சாவின் விஷயம். ஊரார் உனக்குப் பலவாறு எழுதக்கூடும், அவர்களில் சிலர் சிரித்துக்கொண்டே எழுதவும் கூடும். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே தெரிவித்துவிடுவது முறை.

புதிய அரசியல் சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பாஸ்டனில் கூடிய மாநாட்டுக்கு ஊர் சார்பில் நான் போய், ஏற்கலாம் என்று வாக்களித்து வந்ததை நீ அறிவாய். வந்தது முதல் சாப்பாட்டு மேசையில் அதன் அடிப்படைகளை வீட்டாருக்கு விளக்குவதை ஒரு கடமையாகவே கொண்டிருந்தேன். சட்டம் இயற்றுபவர் ஒருவர், அதை நிறைவேற்றுபவர் இன்னொருவர், வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்பவர் மூன்றாமவர். மூன்றையும் ஒரே மனிதனிடம் கொடுத்தால், அவன் எவ்வளவு நல்லவனானாலும், அவன் எதிரே நிற்பவனுக்குப் போக்கிடம் இல்லை. இது எளிதில் விளங்கும்பொருட்டு ரொட்டித் தட்டைச் சட்டம் இயற்றும் காங்கிரஸ் என்றும், மிளகுச் சிமிழை ஜனாதிபதி என்றும், உப்புக் கிண்ணத்தை நீதிமன்றம் என்றும் வைத்து, ஒன்றுக்கொன்று தள்ளி நிறுத்திக் காட்டினேன். உன் தாய், "காங்கிரஸ் ஆறிப்போகுது, எடுத்துச் சாப்பிடுங்க" என்றாள். திர்சா மட்டும், "அப்பா, மிளகு தப்புப் பண்ணினா அதை யாரு கேக்கறது?" என்பது போன்ற கேள்விகள் கேட்டு வந்தாள். பெண்ணுக்கு ஆட்சிமுறையில் இவ்வளவு ஆர்வமா என்று நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி போதிய விசாரணையின்றி ஏற்பட்டது.

அக்டோபரில் பீப்பாய் செய்யும் ஆசகேல் பர்ஜ் வந்து திர்சாவைப் பெண் கேட்டான். அவனை உனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விவசாயிகள் கலகம் செய்தபோது, கலகக்காரரின் அடையாளமாகத் தொப்பியில் ஊசியிலைக் கொத்தைச் செருகிக்கொண்டு, துப்பாக்கியோடு நீதிமன்ற வாசலை மறித்து நின்றவர்களில் அவனும் ஒருவன். வழக்குக் கட்டுகளை அணைத்துக்கொண்டு மழையில் படிக்கட்டில் நின்றவர்களில் நானும் ஒருவன். நீதிமன்றத்தை மூடியவனுக்கு என் வீட்டுக் கதவைத் திறக்க இயலாது என்று தெரிவித்தேன். உன் தாயோ, "பையன் குடிக்கமாட்டான், அவன் பண்ற பீப்பாயும் ஒழுகாது, இதுக்கு மேல என்னங்க பாக்கணும்?" என்றாள். திர்சா வயது வந்தவளாகையால் என் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருவரும் ஊர் எழுத்தரான டீக்கன் ஓபேதிடம் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆட்சேபம் உள்ளவர் தெரிவிக்கும்பொருட்டு, வழக்கம்போல அவர் கல்யாணச் செய்தியைச் சபைக்கூடத்தில் மூன்று முறை அறிவிக்க வேண்டும். இரண்டாம் அறிவிப்புக்கு முன் நான் என் ஆட்சேபத்தை, காரணங்கள் மூன்றோடு, எழுதிக் கொடுத்தேன். அவர் எழுந்து, ஆட்சேபம் வந்திருப்பதால் அறிவிப்பு நிறுத்தப்படுகிறது என்றார். யாருடையது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. சபை முழுவதும் திரும்பி நம் வீட்டார் உட்காரும் பெஞ்சைப் பார்த்தது.

அன்று மாலை டீக்கன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். "வக்கீலய்யா, கல்யாணத்துக்கு ஆட்சேபம் வந்தா, அதை விசாரிக்கச் சொல்லி ஊர் நீதிபதிகிட்ட கொடுக்கணும். நம்ம ஊர் நீதிபதி நீங்கதானே? வாங்கிக்கிறீங்களா?" என்று சொல்லி, நான் எழுதிய தாளையே என்னிடம் நீட்டினார். நான் பெற்றுக்கொண்டேன், பெற்றதற்கு அடையாளமாகத் தேதியிட்டுக் கையொப்பமும் வைத்தேன், விசாரணைக்கு வியாழக்கிழமையைக் குறித்தேன். இவை யாவும் முறைப்படியே நடந்தன. சாப்பிட உட்கார்ந்தபோது திர்சா ரொட்டித் தட்டையும் மிளகுச் சிமிழையும் உப்புக் கிண்ணத்தையும் எடுத்து என் தட்டைச் சுற்றி நெருக்கமாக வைத்தாள். "அப்பா, மூணும் உங்ககிட்டயே இருக்கு. எங்களுக்கு உப்பு வேணும்னா யாரைக் கேக்கறது?" என்றாள். உன் தாய், "ஒரு மாசம் பாஸ்டன்ல உக்காந்து கத்துக்கிட்டு வந்தது இதானா? வழக்குப் போட்டவரும் நீங்க, தீர்ப்புச் சொல்றவரும் நீங்க. பேசாம பொண்ணைக் கொண்டுபோய் அடைக்கற வேலையையும் நீங்களே பாத்துக்குங்க" என்றாள். நம் மாநிலத்துக் கல்யாணச் சட்டத்துக்கும் தேசத்தின் புதிய சாசனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் விளக்கினேன். சட்டப்படி என் விளக்கம் முற்றிலும் சரி. அன்று என் பக்கம் உப்பு நிறைய இருந்தது, பேச்சுக்குத்தான் ஆள் இல்லை.

மறுநாள் காலை வழக்கிலிருந்து விலகி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நீதிபதி லெமுவேல் கிராஃப்ட்ஸுக்கு அதை மாற்றி எழுதினேன். மனம் இளகிவிட்டது என்று எண்ணாதே. என் கையால் தீர்ப்பு வந்தால் அது பின்னால் செல்லாமற்போகக்கூடும் என்பதே காரணம். கிராஃப்ட்ஸ் அதே பாஸ்டன் மாநாட்டில் சாசனத்தை எதிர்த்து வாக்களித்தவர், எனக்கு வேண்டியவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வீட்டுச் சமையலறையில், பன்றி இறைச்சிக்கு உப்பிடும் தொட்டிக்குப் பக்கத்தில், விசாரணை நடந்தது. முதல் காரணமாக, இவன் ஆயுதம் தாங்கி நீதிமன்றத்தைத் தடுத்தவன் என்றேன். ஆசகேல் எழுந்து, "ஐயா, அதுக்கு ஆளுநர் மன்னிப்பே கொடுத்திட்டார். மாமனார் மன்னிக்கலைன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா?" என்றான். மன்னிக்கும் அதிகாரம் ஆளுநருடையது, அதில் நீதிபதி கைவைக்க முடியாது என்று கிராஃப்ட்ஸ் சொன்னார். இரண்டாவதாக, இவன் புதிய சாசனத்துக்கு எதிரி என்றேன். "ஓய் தாக்ஸ்டர், நானுந்தான் எதிரி. அப்ப என் கல்யாணத்தையும் ரத்துப் பண்ணிடலாமா? இரும், உள்ள ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று அவர் திரும்புவதற்குள், உள்ளேயிருந்து அவர் மனைவி, "பண்ணுங்க, பண்ணுங்க, தாக்ஸ்டரய்யா நல்லா இருப்பார்!" என்றாள். டீக்கன் ஓபேத் சிரித்ததை நான் பதிவு செய்யச் சொல்லவில்லை. மூன்றாம் காரணத்தைக் கிராஃப்ட்ஸ் உரக்கப் படிக்கவில்லை. ஜோதாம், அதில் நான், மகன் ஒஹையோவுக்குப் போய்விட்டான், மகளும் போய்விட்டால் இந்த வீட்டில் கேள்வி கேட்க ஆள் இருக்காது என்று எழுதியிருந்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தாளை மடித்து என்னிடமே கொடுத்து, "இது கோர்ட்டுக்கு வர்ற விஷயம் இல்லைய்யா. வீட்டுல சொல்லிப் பாரும்" என்று மட்டும் சொல்லி, ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்தார். வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. அந்தத் தாள் இப்போது உன் தங்கையிடம் இருக்கிறது, எப்படிப் போயிற்று என்று உன் தாயைத்தான் கேட்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றிநாளுக்கு முந்தின வாரத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. போதகர் காய்ச்சலில் படுத்துவிட்டார், ஆறு உறையத் தொடங்கிவிட்டதால் கிராஃப்ட்ஸும் வர முடியாது, கல்யாணம் நடத்தி வைக்கும் அதிகாரத்தோடு மிச்சமிருந்த நீதிபதி நான் ஒருவனே. ஆசகேல் வந்து கேட்டபோது, என்னைக் கேலி செய்கிறாயா என்றேன். "இல்லைங்கய்யா. நாளைக்கு யாரும் குத்தம் சொல்லாதபடி ஒழுங்கா நடத்தி எழுதறவர் இந்தப் பக்கத்துல நீங்க ஒருத்தர்தான்" என்றான். அது உண்மையே. தோற்ற தரப்பே சடங்கை நடத்தலாமா என்ற ஐயத்தைத் திர்சாவிடம் வைத்தேன். "தீர்ப்புச் சொன்னது ஒரு கை, நடத்தி வைக்கறது இன்னொரு கை. சரியாத்தாம்ப்பா இருக்கு" என்றாள். முன்கூடத்தில், ஊர் பார்க்க, நடத்தி வைத்தேன். இத்திருமணத்துக்கு ஆட்சேபம் உள்ளவர் இப்போது சொல்லலாம் என்று கேட்க வேண்டிய இடம் வந்தது. கேட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உரிய நேரம் வரை காத்திருந்தேன். உன் தாய் என் காலை மிதித்தாள். அது தேவையற்றது, நான் பேசுவதாக இல்லை. பிறகு இருவரையும் கணவன் மனைவி என்று அறிவித்தேன். என் குரல் நடுங்கியதாகச் சிலர் சொல்கிறார்கள். முன்கூடத்தில் குளிர் அதிகம்.

கர்த்தர் உன்னைப் பாதுகாத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. உன் தாய் தனியே முத்தங்களும் இரண்டு ஜோடிக் காலுறைகளும் அனுப்புகிறாள். அங்கே நீ யாரையாவது மணக்க எண்ணினால், அறிவிப்புக்கு முன்பே எங்களுக்கு எழுதிவிடு. ஆட்சேபம் எழுதும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதை விசாரிக்கும் அதிகாரத்தை மட்டும் உன் தாயிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் தந்தை,
எலியாகிம் தாக்ஸ்டர்