குருதிப்பாவைக் கூடத்து வாயிலுக்கு விதித்த வயதாணை

திரைகடல் சூழ் வெண்கோட்டு நாடாளும் பேரரசி அலர்மேனித் தேவியாரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சன் மாறனரையன் விடுக்கும் ஓலை. சங்குமுனைத் துறைநகர் காக்கும் ஏனாதி பூழியனார் காண்க. உம் துறையில் கலங்கள் குறையாதிருக்க. உம் கிணறுகளில் நீர் வற்றாதிருக்க. உம் மக்கள் நெடிது வாழ்க.

உம் நகரத்துக் குருதிப்பாவைக் கூடத்தை நீர் அறிவீர். மரப்பாவைகளின் கழுத்தில் செவ்வரக்குச் சாயம் நிரப்பி, ஆடுவோர் கையில் அரிவாள் கொடுத்து, தலை விழும்தோறும் மணி ஒலிக்கச் செய்யும் விளையாட்டு அது. பதினெட்டு வயது நிரம்பாதோர் உள்ளே புகலாகாது என்ற விதி முன்பே உண்டு. அதைக் காக்க வாயிலில் நின்றவன் நாகங்கீரன். இரு போர்களில் விழுப்புண் பட்டவன். பன்னிரண்டு வயது மகள் வெண்ணிக்குத் தந்தை. வருவோரை அவன் வயது கேட்பான், அவர்கள் சொல்வார்கள், அவன் வழிவிடுவான். அவ்வளவே காவலாக இருந்தது.

சென்ற திங்கள், நாகங்கீரனின் அண்டை வீட்டுக் கோவன் தன் தகப்பனின் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்குப் பதின்மூன்று வயது. "வயசு என்னடா?" என்று நாகங்கீரன் கேட்க, "பதினெட்டு ஆச்சு மாமா!" என்றானாம். நாகங்கீரனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கதவைத் திறந்துவிட்டான்.

பத்து நாள் கோவன் அங்கே தலை கொய்தான். பதினோராம் நாள் தென்னந்தோப்பில் வெண்ணியைப் பாவையாக நிற்கச் சொல்லி, கதிர் அறுக்கும் அரிவாளை வீசினான். கழுத்தைக் காக்க அவள் கை உயர்த்தினாள். மணிக்கட்டோடு கை துண்டாகி மணலில் விழுந்தது. தன் முகத்தில் தெறித்த குருதியைத் துடைத்த கோவன், "சாயம் சுடவே சுடாது! இது ஏன் சுடுது?" என்று அலறிக்கொண்டே ஓடியதைத் தோப்புக்காரர் கேட்டிருக்கிறார்.

மருத்துவர் மகளின் உயிரைப் பிடித்து நிறுத்தியதும், நாகங்கீரன் உருவிய வாளோடு கூடத்துள் புகுந்தான். நாற்பது பாவைகளையும் வெட்டிச் சாய்த்தான். தடுத்த கூடத்து வணிகன் சாத்தங்குமரனின் மூன்று விரல்கள் தெறித்தன. அவனைத் தரையில் தள்ளி, நெஞ்சில் கால் ஊன்றி, கழுத்தில் வாளை வைத்தபோது, அவ்வணிகன் கையில் குருதி வழிய, "வாசல்ல நின்னது நீதானேய்யா! உள்ள விட்டது யாரு?" என்றான்.

வாள் அதற்குமேல் இறங்கவில்லை. நாகங்கீரன் எழுந்து, மேலெல்லாம் சாயமும் குருதியும் காய்ந்திருக்க மூன்று நாள் நடந்து தலைநகர் வந்து, வாளைப் பேரரசியின் அடியில் வைத்தான். "என் கையையும் எடுத்துடுங்க தாயே. வாயால கேட்டேன், கண்ணால பாக்கல," என்று மட்டும் சொன்னான்.

பேரரசியார் தீர்ப்பு இது. விரல்களை வெட்டியதற்காக நாகங்கீரன் ஓராண்டு சிறையிருப்பான். இனி வாள் ஏந்தான். சிறார் வருவது அறிந்தும் வாளாவிருந்த சாத்தங்குமரனின் கூடம் அவ்வோராண்டும் பூட்டப்படும். கோவனைத் தண்டிக்கலாகாது, உறக்கமின்றிக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் அவனை மருத்துவர் காக்க. கூடம் மீண்டும் திறக்கும் நாள்முதல், தன் வயதைத் தானே சொல்பவன் சொல் செல்லாது. ஊர்ச்சபை இலச்சினையிட்ட பிறப்போலை காட்டி, அதில் எழுதிய அடையாளங்களோடு முகம் ஒத்தவனே உள்ளே செல்வான். வளர்ந்தோர் விளையாடத் தடையில்லை.

இன்னுமொன்று. வயதே கேளாமல் வழிவிட்டது எவருக்கேனும் உண்டோ என அவையோர் வினவ, நாகங்கீரன் தலைகுனிந்து ஒரு பெயர் சொன்னான். பதினோரு வயதான உம் இளைய மகன் உம் பல்லக்கில் வந்து ஒன்பது முறை உள்ளே சென்றிருக்கிறான். ஆகவே இவ்வாணை முதற்கண் உம் மனையில் நடைபெறுக.

சுறா இலச்சினை பொறித்து, செந்நூல் சுற்றி விடுத்தோம். இதனை உம் மகன் முன்னிலையில் நீரே உரக்கப் படிப்பீராக. இது ஆணை.