நாலு விரல் அகலம்

அண்ணை,

இன்று காலை கண்ணாடிக் கடையில் ஒரு பெண் என்னை நாற்காலியில் இருத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். மேல் மூன்று வரியும் ஓடியது. நாலாவதில் தடுமாறினேன். "இந்த வயதில் இது எல்லோருக்கும் வருவதுதான்" என்றாள். நாலு வருடத்துக்கு முன் கண் டொக்டர் உங்களுக்குச் சொன்னதும் இதே வசனம்தான். அன்றைக்கு உங்கள் ஜக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். கண்ணாடிக்கு ஓடர் கொடுக்காமலே எழும்பி வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண் பின்னால் கூப்பிட்டது கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நீங்கள் இரண்டாம் மாடி, நான் நாலாம் மாடி, கடிதம் எதற்கு? கைத்தொலைபேசியில் 'ஓம்', 'வாறன்', 'எத்தினை மணிக்கு' என்பதோடு எங்கள் எழுத்து முடிந்துவிடும். இப்போது எழுதுகிறேன், நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில். என்னைப் போன்ற கோழைக்கு அதுதான் வசதி.

கடைசல் பட்டறையில் முப்பது வருடம் இரும்பு கடைந்துவிட்டு ஓய்வுக்கு வந்தவர் நீங்கள். வீட்டில் சும்மா இருக்க ஏலாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதான வாசலில் டிக்கெட் பார்க்கப் போனீர்கள். பிறகு ஒருநாள் மாடிப்படியில் என்னை மறித்து, "தம்பி, சங்கிலி பிடிக்க ஒரு ஆள் குறையுதாம். வாறியளே?" என்று கேட்டீர்கள். கதவுக்குள் நின்ற என் மனைவிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "சங்கிலியோ? ஆரைக் கட்டப் போறியள் ரெண்டு பேரும்?"

உண்மையில் அது பெருமையான வேலை. அமெரிக்கக் கால்பந்து என்று பெயர், ஆனால் காலால் உதைப்பது எப்போதாவதுதான். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழும்புகிறார்கள். நாலு தரம் முயன்று பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு தரம் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தப் பத்து யாரை அளப்பவர்கள் நாங்கள். இரண்டு தடிகள், நடுவே பத்து யார் நீளச் சங்கிலி. பின்தடி என் கையில், முன்தடி யூலியா என்ற மாணவியின் கையில், கிளிப் உங்கள் கையில்.

அந்தக் கிளிப்தான் முக்கியம் என்று முதல் நாளே விளங்கப்படுத்தினீர்கள். ஆடுகளத்தில் ஐந்து யாருக்கு ஒரு வெள்ளைக் கோடு. சங்கிலி எந்தக் கோட்டைக் கடக்கிறதோ, அந்தக் கோட்டின் பின்விளிம்புக்கு நேரே சங்கிலியில் கிளிப்பை மாட்டுவீர்கள். சந்தேகம் வந்தால் சங்கிலியை ஆடுகளத்துக்குள் தூக்கிக்கொண்டு போய், அதே கோட்டின் அதே விளிம்பில் கிளிப்பை வைத்து இழுத்துப் பார்ப்போம். பந்தின் மூக்கு முன்தடியைத் தொட்டால் பத்து யார் சரி. "அரை மில்லிமீற்றரைக் கண்ணாலை பிடிச்ச ஆள் நான். இது எனக்குப் பெரிய வேலையே?" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். உங்களுக்குத் தலைக்கனம் என்று ஒன்று இருந்தால் அது கண்ணில்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லித் தந்தீர்கள். நாங்கள் கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது. இந்த ஜெர்மன் ஊரில் அது எங்கள் அணிதான், சம்பளத்துக்கு விளையாட அமெரிக்காவிலிருந்து வந்த பெடியள்கூட எங்களுக்கு வணக்கம் சொல்லப் பழகியிருந்தார்கள். ஆனாலும் சங்கிலி பிடிப்பவனுக்குக் கட்சி இல்லை. "சந்தோசத்தை வீட்டை கொண்டுபோய்ப் படுங்கோ" என்பீர்கள். ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேரன்று விடியவே போய்க் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடு மைதானத்துக்கு வந்து, எங்கள் அணி ஐம்பது யார் ஓடிப் புள்ளி எடுத்தபோதும் முகத்தில் ஒரு கோடு அசையாமல் நின்றீர்கள். குழுத்தலைவர் ஹோல்கர் உங்களைக் காட்டித்தான் புது ஆட்களுக்குப் பாடம் எடுப்பார்.

அந்த வருடம் எங்கள் அணி ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றது. கிண்ணம் எங்களுக்குத்தான் என்று பேக்கரியில் பாண் வாங்கப் போனாலும் பேச்சு. அரையிறுதி எங்கள் மைதானத்தில். மழை பெய்து விட்டிருந்தது. கடைசி இரண்டு நிமிடம், எதிரணி மூன்று புள்ளி முன்னே நின்றது.

எங்கள் பெடியன் ஒருவன் தூரத்திலிருந்து வந்த பந்தை எங்களுக்கு முன்னாலேயே பாய்ந்து பிடித்தான், புதிதாக நாலு தரம் கிடைத்தது. நடுவர் ஓடிவந்து, பந்து நின்ற இடத்துக்கு நேரே பக்கக்கோட்டில் தன் குதிக்காலை ஊன்றிக் காட்டினார். நான் அந்த இடத்தில் தடியை ஊன்றினேன். அவர் திரும்பி ஓடினார். அதன்பிறகு செய்ததைச் சொல்லக் கூசுகிறது. மைதானமே எழும்பி நின்று கத்தியது, நானும் கத்தினேன். தடியைப் பிடுங்கி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் குதித்தேன். நாற்பத்து மூன்று வயது மனுசன். பிறகு சுயநினைவு வந்து, குத்துமதிப்பாகக் கீழே ஊன்றினேன். யூலியா அந்தப் பக்கம் சங்கிலியை இழுத்து நின்றாள். நீங்கள் கோட்டுக்குக் குனிந்தபடி, நிமிராமலே கேட்டீர்கள்.

"தம்பி, தடி அசையேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. நிண்ட இடத்திலைதான் நிக்குது."

நீங்கள் கிளிப்பை மாட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தேன். ஈரப் புல்லில் நடுவரின் குதிக்கால் தடம் தெளிவாகத் தெரிந்தது. என் தடிக்கு ஒரு சாண் பின்னால். எங்கள் பெடியள் இனிப் பத்து யாருக்கு மேலே ஒரு சாண் கூடப் போக வேண்டும்.

அப்போதும் நேரம் இருந்தது. 'பிழைச்சுப் போச்சு' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், நடுவர் நிறுத்தியிருப்பார். நான் போடவில்லை. இவ்வளவு நன்றாக ஆடுகிறார்கள், ஒரு சாண் என்ன பெரிய சாண், தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தடியைத் தூக்கிக் குதித்ததை ஹோல்கர் காணவில்லை என்பதில்தான் என் கவனம் எல்லாம் இருந்தது.

தாண்டவில்லை. நாலாவது தரம் குவியலாக விழுந்து எழும்பியபோது, அளந்து பார்க்கச் சொல்லி நடுவர் கை காட்டினார். நாங்கள் மூவரும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். நீங்கள் முழங்காலில் இருந்து கிளிப்பைக் கோட்டின் விளிம்பில் வைத்தீர்கள். யூலியா இழுத்தாள். பந்தின் மூக்குக்கும் தடிக்கும் இடையில் நாலு விரல். நடுவர் எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். அத்தோடு ஆட்டம் முடிந்தது, அந்த வருடமும் முடிந்தது. முகத்தில் நிறம் பூசிய பெரிய பெரிய ஆம்பிளைகள் குந்தியிருந்து அழுதார்கள். எங்களுக்கு வணக்கம் சொல்லும் அமெரிக்கப் பெடியன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே போனான்.

அடுத்த கிழமை இணையத்தில் ஆளுக்கு ஒரு வீடியோ. அளவு பிழை, பந்து தாண்டிவிட்டது என்று வட்டம் போட்டுக் காட்டினார்கள். ஹோல்கர் எங்களை உடைமாற்றும் அறையில் கூட்டிவைத்து, யாரையும் குற்றம் சொல்லவில்லை, என்ன நடந்தது என்று மட்டும் தெரிய வேண்டும் என்றார். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினேன். நீங்கள் எழும்பினீர்கள். உங்கள் மெதுவான ஜெர்மனில் சொன்னீர்கள்: "கோட்டின் அகலம் நாலு விரல். பந்து குறைந்ததும் நாலு விரல். மாட்டும்போது பின்விளிம்பில் மாட்டிவிட்டு, அளக்கும்போது முன்விளிம்பில் வைத்திருக்கிறேன். வேறு விளக்கம் இல்லை. என் கண்தான்."

யாரையும் காப்பாற்ற நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் அதை நம்பினீர்கள். தடி அசையவில்லை என்று தம்பி சொல்லிவிட்டான். ஆகவே பிழை உங்களிடம்தான் இருக்க வேண்டும். என் சொல்லை விட உங்கள் கண்ணைச் சந்தேகிப்பது உங்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்த நேரம் எனக்குள் என்ன வந்தது தெரியுமா, அண்ணை? நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. இதைவிடக் கேவலமான ஒன்றை என் வாழ்க்கையில் நான் உணர்ந்ததில்லை.

ஹோல்கர் எவ்வளவோ சொல்லியும் நீங்கள் நிற்கவில்லை. கிளிப்பை என் உள்ளங்கையில் வைத்து, "தம்பிக்கு நல்ல கண். அவர் செய்யட்டும்" என்றீர்கள். வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடம் அந்தக் கிளிப்பை மாட்டினேன். இரண்டு வருடமும் கிண்ணம் வரவில்லை, கடைசியில் எனக்கு முழங்கால் வலி என்று ஒரு பொய்யைச் சொல்லி விலகினேன்.

கண் டொக்டரிடம் டெர்மின் எடுத்து நாள் குறித்துத் தந்ததும் நான்தான், கூட்டிப் போனதும் நான்தான். நல்ல பிள்ளை வேஷம். டொக்டர் படம் காட்டி, வெண்புரை கொஞ்சம் தொடங்கியிருக்கிறது, இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், கார் ஓடலாம், ஒரு பயமும் இல்லை என்றார். திரும்பி வரும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "டொக்டருக்கு என்ன தெரியும்? நாலு விரல் எனக்குத் தெரியாமல் போச்சே" என்றீர்கள். நான் சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டு, "அதுகளை விடுங்கோ அண்ணை" என்றேன்.

அடுத்த கோடையில் ஊன்ட்றொப் தேருக்கும் என் காரில்தான் வந்தீர்கள். உங்கள் கார் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி அர்ச்சனைக்கு வரிசையில் நிற்க, நாங்கள் இருவரும் கால்வாய்க் கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்றோம். நீங்களாகவே சொன்னீர்கள்: "தோத்தது பரவாயில்லைத் தம்பி. விளையாட்டெண்டால் தோக்கத்தான் வேணும். ஆனா அந்தப் பெடியள் நியாயமாத் தோக்கேல்லை. அதுதான் எனக்கு நித்திரையைக் கெடுக்குது." பக்கத்தில் ஒருவரும் இல்லை. அதைவிட நல்ல இடமும் நேரமும் எனக்கு யார் தரப்போகிறார்கள்? வாயைத் திறந்தேன். "தேர் வெளிக்கிடப் போகுது போல, வாங்கோ" என்றுதான் வந்தது.

மாசியில் நெஞ்சு வலி என்று போன நீங்கள் திரும்பி வரவில்லை. எரிக்கும் இடத்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நேர்மையான மனிதர் என்றேன். அந்தச் சொல்லை உச்சரிக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்க அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது.

இன்று கண்ணாடிக் கடையிலிருந்து வந்தவன் நாலாம் மாடிக்குப் போகவில்லை, உங்கள் வீட்டு மணியை அடித்தேன். அக்கா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா. இருக்கவும் இல்லை, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தடியைத் தூக்கியது, பொய் சொன்னது, நாலு வருடம் வாயை மூடியிருந்தது. அக்கா கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தா. திட்டினால் நல்லது என்று நின்றேன்.

"அவர் காரை விட்டதுக்கு நான் கவலைப்படேல்லைத் தம்பி, பஸ் இருக்கு" என்றா கடைசியில். "மகள் ஹம்பேர்க்கிலையிருந்து பிள்ளையோடை வருவாள். மடியிலை இருத்தினால் வைச்சிருப்பார். தூக்கிக்கொண்டு ஒரு அடி நடக்கமாட்டார். என்ரை கண்ணை நம்பேலாது, படி தெரியாமல் விழுத்திப்போடுவன் எண்டு பயம். அது ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அம்மப்பா தூக்கு, அம்மப்பா தூக்கு எண்டு நிக்கும். இவர் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருப்பார். அப்பாவுக்குத் தன்ரை பிள்ளையிலை விருப்பமில்லை எண்டு மகள் இண்டைக்கும் மனசிலை வைச்சிருக்கிறாள்."

எனக்குத் தெரியாது, அண்ணை. சத்தியமாக இது எனக்குத் தெரியாது. நான் கெடுத்தது ஒரு ஆட்டத்தையும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் என்றுதான் இவ்வளவு நாளும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அக்கா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கத்தியை மறுபடி கையில் எடுத்து, "வாற மாசம் மகள் வாறாள். எனக்குச் சொன்னமாதிரி அவளுக்கும் நீங்களே சொல்லுங்கோ" என்றா.

சொல்வேன். இந்தமுறை தேர் வெளிக்கிடுகிறது என்று பேச்சை மாற்ற மாட்டேன். அவள் என்னைப் பார்க்கப்போகிற பார்வையை இப்போதே நினைத்துப் பார்க்கிறேன், அது எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் சொல்லி முடித்த பிறகும் ஒன்று என்னோடுதான் இருக்கும். உங்கள் கண்ணில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நீங்கள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடியும் ஏறி இறங்கியிருக்கலாம், அண்ணை.