போடியாருக்குப் பிடித்த கிரேக்கச் சொல்

1963 பெப்ரவரி 20, புதன்

அறுவடைப் பண்டிகைக்கு இந்த முறை நான்தான் பிரசங்கம். கோயிலின் முன் வாங்கில் ஊரின் பெரிய வயற்சொந்தக்காரர் மத்தேயு போடியார் உட்கார்ந்திருப்பார். தங்கச்சி பீற்றிஸ் குத்தகைக்குச் செய்யும் வயலை அடுத்த போகத்துக்குத் தரமாட்டாராம். புருஷன் இல்லாதவள், பிள்ளைகளை எதை வைத்து வளர்ப்பாள்? நேரே போய்க் கேட்க எனக்கு வாய் வராது. பிரசங்க மேடையில் மட்டும் நன்றாக வரும்.

பெப்ரவரி 23

போதகரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தில் அகப்பட்டது. கிரேக்கத்தில் செல்வத்துக்குப் 'புளூட்டோஸ்' என்று சொல். பெருகிப் பாய்வதைக் குறித்த வேரிலிருந்து வந்திருக்கலாமாம். பழங்கதையில், மூன்று தரம் உழுத வயலில் தானியத் தேவி கருவுற்றுப் பெற்ற பிள்ளைக்கும் அதுவே பெயர். ஆக, முதலில் காசு அல்ல, விளைச்சல்தான். நம் களத்து நெற்பொலி. அப்படியென்றால் செல்வம் உழுகிறவருக்குத்தானே? போடியார் ஏர் பிடித்து யார் கண்டது! இருப்புக் கொள்ளவில்லை எனக்கு.

மார்ச் 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன். போடியார் கண்ணை மூடிக் கேட்டார். தைத்துவிட்டது என்றே நினைத்தேன். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், இப்பிடி ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்ல. உழுதாத்தான் செல்வம் எண்டு அந்தக் காலத்திலயே சொல்லியிருக்கானுகள்!"

பீற்றிஸ் ஆசையோடு கேட்டாள்: "அண்ணன், அவர் மனசு மாறிட்டா?"

ஓம் என்றேன்.

மார்ச் 5

போடியாரிடமிருந்து தகவல் இல்லை.

மார்ச் 14

செங்கலடிச் சந்தியில் போடியாரின் புது உழவு மெஷின். முகப்பில் வெள்ளை எழுத்தில் 'புளூட்டோஸ்'.

"மூண்டு தரம் உழோணும் எண்டீங்களே மாஸ்டர், மாட்டால ஏலுமா? இனி எல்லா வயலும் நானே செய்யப்போறன்."

பீற்றிஸின் வயலும்தான். உழுகிறவருக்கே செல்வம். என் வாதத்தில் ஓர் ஓட்டையும் இல்லை! ஐயோ, நேரே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கல்ல? வெக்கமா? பயமா?

மார்ச் 17

பிரசங்கத்துக்குச் சன்மானமாகப் போடியார் ஒரு மூட்டை நெல் அனுப்பியிருந்தார். குத்தித் தர பீற்றிஸ் வந்தாள். சாக்கின் வாயைப் பார்த்தாள்.

"இது நான் தைச்ச சாக்கு அண்ணன். குத்தகைக்கு அளந்த நெல்லு."

வயல் போன செய்தி அவளுக்கு முந்தியே தெரியும். கோபப்படவில்லை. புடைத்துக்கொண்டிருந்தவள் நல்ல மணிகளாக இரண்டு கை அள்ளி, சீலைத் துண்டில் தனியே முடிந்து வைத்தாள்.

"இது என்னத்துக்குப் பிள்ள?"

"விதைக்கு," என்றாள். பிறகுதான் அவள் கை நின்றது.