பேப்பர் பின்னால் வரும்

குவைத்
15.8.2025, வெள்ளி

அன்புள்ள சுகிக்கு,

உன் பென்னி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் ஆளைத் தின்கிறது. நீயும் அம்மாவும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறானே என்று சிரிக்காதே. இந்தக் கேம்ப் அறையில் எட்டுப் பேர். நான் போனில் 'ம்' என்றாலே, "இன்னா மச்சான், ஊட்ல இன்னா சொல்றாங்க?" என்று மற்ற ஏழு பேரும் கேட்கிறார்கள். உனக்கோ லைன் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் கெங்கம்மாள் அக்கா. இது நமக்குள் இருக்கவேண்டிய விஷயம்.

வேறு ஒரு கம்பெனியில் வெல்டர் வேலை இருக்கிறது. அங்கே ஃபோர்மேன் வரதன் அண்ணன் நம்ம பொன்னேரிக்காரர். சேர்ந்தால் டிசம்பரில் ஒரு மாதம் லீவு வாங்கித் தருகிறாராம். இங்கே இரண்டு வருஷமாக அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் என் விசா இந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறது. அதை மாற்ற இவர்கள் ரிலீஸ் தரவேண்டும். அதாவது 'இவனை விட்டுவிடச் சம்மதம்' என்று கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். கேட்டால் மேனேஜர், உன் இடத்துக்கு ஆள் கிடைக்கட்டும், பார்க்கலாம் என்கிறார். வரதன் அண்ணனோ, "நீ வந்து நில்லு, பேப்பரு பின்னாடி வரும்" என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

உன் பென்னி


கும்மிடிப்பூண்டி
17.8.2025, ஞாயிறு

என் பயந்தாங்கொள்ளி வீட்டுக்காரருக்கு,

சுகிர்தா எழுதிக்கொள்வது. சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். அத்தை நன்றாக இருக்கிறார். என்னையும் நன்றாகத் திட்டுகிறார்.

இன்றைக்கும் சர்ச்சில் ஒருத்தி, "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியாடி?" என்று கேட்டாள். "வாட்ஸப்ல எல்லாம் புள்ள பெத்துக்க முடியாதுக்கா" என்றேன். அவள் மெல்ல நழுவிவிட்டாள். நான்தான் வீட்டுக்கு வந்து அழுதேன். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகப்போகிறது. நாம் சேர்ந்திருந்தது ஐந்து மாதம்.

நீங்கள் சிப்காட்டில் எத்தனை காண்ட்ராக்டர் மாறினீர்கள்? சாயங்காலம் நீல ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுநாள் காலை அடுத்த கேட்டில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றீர்கள். கேட் பாஸ் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. எந்தக் காண்ட்ராக்டர் 'நல்லபடியாகப் போய் வா' என்று எழுதிக் கொடுத்தான்? நானும் பேக்கிங்கில் மூன்று ஏஜென்சி இப்படித்தான் மாறினேன். ஆள் போய் நின்றால்தான் பேப்பர் நகரும். கேட்டுக்கொண்டே இருந்தால் அங்கேயே கிழவனாகிவிடுவீர்கள்.

போங்கள். வரதன் அண்ணன் ஊர்க்காரர், கைவிடமாட்டார்.

உங்கள் சுகிர்தா


குவைத்
5.9.2025, வெள்ளி

அன்புள்ள சுகிக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். திங்கட்கிழமை காலை கேம்ப் பஸ்ஸில் ஏறாமல், பையைத் தூக்கிக்கொண்டு நேராக வரதன் அண்ணன் யார்டுக்குப் போய் நின்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் கையில் வெள்ளை ஹெல்மெட்டைக் கொடுத்தார். மத்தியானச் சோறு சூடாக வருகிறது. டிசம்பர் இருபது என்று என் லீவைத் தன் நோட்டில் குறித்துவைத்திருக்கிறார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

பாஸ்போர்ட் மட்டும் பழைய ஆபீசில்தான் இருக்கிறது. ரிலீஸ் வருகிற அன்றைக்கு அதுவும் வந்துவிடுமாம். அது ஒன்றுதான் குறை. மற்றபடி சந்தோஷமாக இருக்கிறேன், சுகி.

உன் பென்னி


கும்மிடிப்பூண்டி
21.9.2025, ஞாயிறு

டிசம்பர் இருபதாம் தேதி வரப்போகிறவருக்கு,

பார்த்தீர்களா? பெண்டாட்டி பேச்சைக் கேட்டவர் யாரும் கெட்டுப்போனதில்லை. டிசம்பர் கடைசியில் பத்து நாள் வேலைக்கு வரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன். "இன்னாம்மா, மூணு மாசம் முன்னாடியே லீவு சொல்ற?" என்று சூப்பர்வைசர் சிரிக்கிறார். "எங்க ஊட்டுக்காரு வர்றாரு சார், சொல்லிக்கினேதான் இருப்பேன்" என்றேன்.

பேப்பர் வந்ததா? வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் சுகிர்தா


குவைத்
10.10.2025, வெள்ளி

அன்புள்ள சுகிக்கு,

நான்கு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

நான் வேலையை விட்டு ஓடிப்போய்விட்டதாகப் பழைய கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. புதுக் கம்பெனி விசாவை மாற்றப்போனபோது என் பெயருக்கு நேரே அந்தப் புகார் நின்றதாம். அன்றைக்கே ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது நான் இங்கே வேலை செய்யவும் கூடாது, இருக்கவும் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் கிளம்பவும் வழியில்லை. வரதன் அண்ணன் போனை எடுப்பதில்லை. அவரைச் சொல்லி என்ன, அவருக்கும் வேலை போய்விடும் என்று பயம்.

அந்தோணி என்று தூத்துக்குடிப் பக்கத்து டிரைவர் ஒருவர் தன் அறையில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார். வெளியே போனால் போலீஸ் அடையாள அட்டை கேட்கும் என்பதால் டீக்குக்கூட இறங்குவதில்லை. சிப்காட்டில் கேட் மாறினால் கேட்தான் மாறும். இங்கே ஆளே கம்பெனி பெயரில் இருக்கிறான். இது நம் இரண்டு பேருக்குமே தெரியாமல் போய்விட்டது.

உன்மேல் தப்பில்லை. நடந்து போனது என் கால்.

உன் பென்னி


கும்மிடிப்பூண்டி
14.10.2025, செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். திங்கட்கிழமைதானே மனு வாங்குவார்கள். வாசலில் மனு எழுதித் தருகிறவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஏம்மா, ரிலீஸ் வாங்காம இன்னாத்துக்கு அந்தாளு போனாரு? யார் பேச்ச கேட்டுக்கினு போனாரு?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பேச்ச கேட்டுக்கினுதான் சார்" என்றேன். அதை அவர் மனுவில் எழுதவில்லை.

உள்ளே வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வெளிநாட்டு விஷயம், மேலே அனுப்புவோம், நாளாகும் என்றார்கள். அவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். நான்தான் வாசல் படியில் உட்கார்ந்து அந்த ரசீதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்களை நான்தான் பிடித்துத் தள்ளினேன். தப்பில்லை, தப்பில்லை என்று எழுதாதீர்கள். ஒரு தடவையாவது என்னை வாய்விட்டுத் திட்டுங்கள், பாரம் குறையும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சுகிர்தா


குவைத்
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள சுகிக்கு,

திட்ட எனக்கு வராது. தெரிந்துதானே கட்டிக்கொண்டாய்.

அந்தோணி அண்ணன் என்னைப் பழைய மேனேஜரிடம் கூட்டிப்போனார். புகாரை வாபஸ் வாங்குகிறாராம். ஆனால் இன்னும் மூன்று வருஷம் அங்கேயே வேலை செய்வேன், நடுவில் லீவு கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். முடியாது என்றால் என்னைப் போலீசில் ஒப்படைத்துவிடுவார். அவர்கள் ஊருக்கு ஏற்றி அனுப்புவார்கள். அப்படிப் போனால் மறுபடி இந்த நாட்டுக்குள் வரமுடியாது.

ஊருக்கு வந்தால் நான் மறுபடி சிப்காட் கேட்டில் நிற்கவேண்டும். நாம் கட்டத் தொடங்கிய வீடும் தளம் போடாமல் சுவரோடு நிற்கிறது. வராவிட்டால் மூன்று வருஷம். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து மண்டை காய்ந்துவிட்டது. வியாழன் காலைக்குள் பதில் சொல்லவேண்டும். நீ ஒரு வார்த்தை சொல், அதன்படி செய்கிறேன்.

உன் பென்னி


கும்மிடிப்பூண்டி
12.11.2025, புதன் மாலை

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று நாளாக எழுதாமல் இருந்துவிட்டேன். எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவள்தான் நான். இந்தத் தடவை பயந்துபோனேன். போன தடவை சொன்ன ஒரு வார்த்தை உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று தெரிந்த பிறகு, இன்னொரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று பார்த்தேன். யாரிடம் கேட்பது? இது நான் ஒருத்தி சொல்லவேண்டியது.

வந்துவிடுங்கள். போலீஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினாலும் சரி, கட்டின துணியோடு வந்தாலும் சரி. தளம் போடாத வீட்டுக்கு மேலே ஷீட்டு போட்டுக்கொள்வோம். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், அதற்குப் பதில் சொல்ல என் வாய் போதும்.

எனக்கு முப்பத்திரண்டு வயது நடக்கிறது. இன்னும் மூன்று வருஷம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பிள்ளை வேண்டும். அதற்கும் முன்னால் நீங்கள் வேண்டும். துணிச்சல்காரி மாதிரி இத்தனை நாள் எழுதினேன். அத்தனையும் தைரியமில்லை, உங்களைச் சீக்கிரம் பார்க்கவேண்டும் என்கிற அவசரம்தான்.

கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் சுகிர்தா


குவைத்
12.11.2025, புதன் மாலை

அன்புள்ள சுகிக்கு,

வியாழன் என்று சொன்னவர்கள் இன்று மத்தியானமே வரச்சொல்லிவிட்டார்கள். மேனேஜர் விமானத்தைப் பிடிக்கவேண்டுமாம். இன்னொரு நாள் பொறுங்கள், வீட்டிலிருந்து பதில் வரவேண்டும் என்று கேட்டேன். கடிகாரத்தைக் காட்டினார். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். 2028 நவம்பர் வரை.

நீ மூன்று நாளாக எழுதாதபோதே எனக்குப் புரிந்துவிட்டது. 'அங்கேயே இருங்கள்' என்று எழுத உனக்கு மனசு வரவில்லை. துணிந்து நில்லுங்கள் என்று எப்போதும் சொல்கிறவள் நீ. இப்போதும் அதைத்தான் சொல்லியிருப்பாய். அந்தப் பாவம் உன்மேல் வேண்டாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குத் தளம் போட்டுவிடலாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல். டிசம்பருக்குக் கேட்ட லீவை உங்கள் சூப்பர்வைசரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் பென்னி

பின்குறிப்பு: இதைப் படம் பிடிக்கப் போனை எடுத்தேன். உன் கடிதம் வந்து கிடந்தது. இரண்டு தடவை படித்தேன். உடனே ஆபீசுக்குத் திரும்பப் போனேன். மேனேஜர் கிளம்பிவிட்டார், தாள் அவருடைய பெட்டியில் போய்விட்டது. வந்து இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

நீ 'வா' என்று சொல்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சுகி.