ஆண்கள் பக்கத்தில் எடுத்த முடிவு

ஜூலை 6, 2024, சனி
சாரல். ஈரத்தில் நமுத்த தாள் பிரிண்டரில் சிக்கிச் சிக்கி உயிரை வாங்குகிறது. நாளைக்குக் குற்றாலத்தில் சங்கக் கூட்டம். தென்காசி வட்டாரத்து டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்காரர்கள் நாங்கள் சேர்ந்து எழுதிய மென்பொருள் குறிப்புகளை இணையத்தில் விக்கியாகப் போடப்போகிறோம். எந்த சர்வரில்? அதுதான் கேள்வி. வாடகைக்கு எடுப்போம், யார் வேண்டுமானாலும் எழுதட்டும், திருத்தட்டும் என்பது என் கட்சி.

ஜூலை 7
முடிவாகிவிட்டது. எங்கே? மெயின் அருவியில், ஆண்கள் பக்கத்தில்! நான் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தலை துவட்டிக்கொண்டு வந்தால் செயலாளர், செங்கோட்டை நாகராஜன் அண்ணாச்சி சொல்கிறார்:
"குளிக்கையிலயே பேசி முடிச்சிட்டோம்மா. காலேஜ் சர்வர்ல சும்மா இடம் தாராங்க. எழுதுததை ஒரு புரொபசர் பாத்து அனுமதிச்ச பொறவுதான் வெளிய வரும்."
"என்கிட்ட கேக்கலையே?"
"அங்கன வந்து எப்படிம்மா கேக்க?"
எல்லோரும் சிரித்தார்கள். வருஷா வருஷம் இதே கூத்துதான். கூட்டம் என்று பேர். எண்ணெய், குளியல், புரோட்டா. அவமானமாக இருந்தது.

ஜூலை 8
அனுமதி எதற்கு? — யாராவது சொல்லுங்களேன்!

ஜூலை 26
புளியறையில் கடை வைத்திருக்கும் யஹ்யா போன் செய்தான். தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் அடித்தால் எழுத்து உடைகிறதல்லவா, அதற்கு வழி கண்டுபிடித்து எழுதியிருக்கிறான்.
"இன்னும் பரிசீலனையில்னே நிக்குதுக்கா. வடகரையில கடை வச்சிருக்கவரு அந்த வழியத் தினமும் கேக்குதாரு."
புரொபசருக்குத் தேர்வு வேலையாம், நேரமில்லையாம். நேரமில்லாதவர் கையில் எதற்குச் சாவி?

ஜூலை 28, ஞாயிறு
எடுத்தேவிட்டேன். வாடகை சர்வர், என் பேரில். குறிப்பு எழுதிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். சரி என்றார்கள். அண்ணாச்சி மட்டும் கத்தினார்.
"சங்கத்தை மீறுதியா நீ?"
"ஆமா அண்ணாச்சி, மீறுதேன். உங்க குறிப்பை மட்டும் விட்டுருதேன்."
போனை வைத்துவிட்டு மற்றவர்கள் குறிப்புகளை ஏற்ற ஆரம்பித்தேன்.

ஜூலை 31
வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார். போங்க!

ஆகஸ்ட் 23, வெள்ளி
கடை திறந்ததும் விக்கியைப் பார்த்தேன். ஸ்கேனரைப் பற்றி நான் எழுதிய பக்கத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். நான் சொன்ன வழியை அடித்துவிட்டு வேறு வழி. எவன்டா அது என்று கோபத்தோடு செய்து பார்த்தேன் — வேலை செய்கிறது. நான் எழுதியிருந்ததுதான் தப்பு.
திருத்தியவர் பெயரைப் பார்த்தேன். நாகராஜன், செங்கோட்டை.
யாரிடமும் அனுமதி கேட்கவில்லை மனுஷன். மனசு குளிர்ந்துவிட்டது.