நீ பாதியில் விட்டுப்போன கதை

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

போர்முனை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது நீ சொன்னபடி, கண்ணில் கட்டுப் போட்டிருக்கும் அந்தச் சிப்பாய்க்குக் கப்பல் கதையின் மீதியை நான்தான் படித்துக்காட்டுகிறேன். மனமுவந்து போகவில்லை. இங்கே ஊர் மருத்துவமனையில் இருந்தவரை, நர்ஸ் வேலை முடிந்து நீ வீட்டுக்கு வந்தால், வாயைத் திறந்ததும் அவன் பேச்சுதான். ஆள் எப்படி இருக்கிறான் என்று பார்க்கத்தான் போனேன். கண்கட்டையும் மீறி அழகாகத்தான் இருக்கிறான்.

முதல் பக்கத்திலேயே என்னை நிறுத்திவிட்டான். "சிஸ்டர் படிச்சா கப்பல் ஆடுறது தெரியும் சார். நீங்க படிச்சா ரயில் எத்தனை மணிக்கு வரும்னுதான் தெரியுது."

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ எனக்கு ஒரு வரிகூடப் படித்துக்காட்டியதில்லையே!

நேற்று படித்துக்கொண்டிருக்கும்போதே அபாயச் சங்கு ஊதியது. எழுந்து ஓட முடியாதவர்கள் நிறைந்த வார்டு. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தாதீங்க சார்" என்றான். கப்பல் புயலில் மாட்டிய இடம். குண்டுச் சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தேன். நீ எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறாயோ என்று நினைத்தபோது குரல் உடைந்தது, படிப்பதை விடவில்லை. அழுதுகொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரரும் கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

விமானங்கள் போனதும் அவன் சொன்னான்: "இப்பதான் சிஸ்டர் மாதிரியே படிச்சீங்க."

அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

நீ நல்லபடியாகத் திரும்பி வா. எனக்கும் ஒரு கதை படித்துக்காட்டு. என் கண்ணுக்கு ஒன்றுமில்லைதான், மூடிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்